மே பதினேழும் தோய்ச்ச காற்சட்டையும்

இஞ்சாலை வாங்கோ பிள்ளை, இஞ்சாலை. அதிலை நிண்டால் ஒண்டும் தெரியாது, அந்தத் தொப்பிக்கார மனுசன் மலை மாதிரி மறைச்சுக்கொண்டு நிக்கிறார். என்ரை பக்கத்திலை, கயித்தோடை ஒட்டி நில்லுங்கோ. தமிழ்தானே? நெத்தியிலை பொட்டைக் கண்டவுடனை நினைச்சன். இந்தியாவோ? திருச்சியோ? நல்லது. வந்து ஒரு வருசமும் ஆகேல்லையோ? அப்ப இதுதான் உங்களுக்கு முதல் மே பதினேழு, இந்த நாட்டின்ரை தேசிய நாள். குடுத்து வைச்சனீங்கள், என்ரை பக்கத்திலை வந்து சேர்ந்திருக்கிறியள். நான் இந்தப் பேர்கனிலை இருபத்தைஞ்சு வருசமா இருக்கிறன். ஊர்வலம் எவடத்திலை தொடங்கும், எவடத்திலை மினக்கெடும், எவடத்திலை நிண்டால் காத்துக்குத் தப்பலாம், எல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த மீன்சந்தை முடக்குத்தான் நல்ல இடம். முடக்கிலை திரும்பேக்கை எல்லாரும் மெதுவாத்தான் வரவேணும். முகத்தை வடிவாப் பாக்கலாம்.

நான் ஒருத்தரின்ரை முகத்தையும் பாக்கவெண்டு வரேல்லை. சும்மா இந்தப் பக்கத்தாலை வந்தனான், கடைக்கு. ஓம், இண்டைக்குக் கடையெல்லாம் பூட்டுத்தான், அது வந்தாப் பிறகுதான் ஞாபகம் வந்தது. விடிய ஒரு பெடியன் வந்து கயிறு கட்டினவன். நான் இதிலை நிண்டபடியால் என்னைச் சுத்திக்கொண்டு கட்டவேண்டியதாப் போச்சு அவனுக்கு.

என்ன, சீலையைப் பாக்கிறியளோ? இது சும்மா வீட்டிலை உடுக்கிறது. சரி, பொய் சொல்லக்கூடாது, கூறைச்சீலைக்கு அடுத்ததா என்னட்டை உள்ள நல்ல சீலை. இஞ்சை எல்லாரும் தங்கடை தங்கடை ஊர் உடுப்பிலை நிக்கேக்கை நான் மட்டும் மழைக்கோட்டோடை நிக்கிறதோ? இந்த மனுசியைப் பாருங்கோ, நெஞ்சு முழுக்க வெள்ளி. எனக்கு உள்ளுக்கை கம்பளிக் காற்சட்டை, காலிலை பனிச்சப்பாத்து. மேலாலை பாத்தால் கலியாண வீடு, கீழாலை பாத்தால் மீன்பிடிக்கப் போறவள். மனுசி சிரிக்கிறா, அவவுக்கு, இந்த நாளுக்கு வாழ்த்துகள் எண்டு சொல்லுங்கோ. இண்டைக்கு ஆரைக் கண்டாலும் அப்பிடித்தான் சொல்லவேணும். நான் விடியத்திலை இருந்து சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போச்சு. ஒரு நாய்க்கும் சொன்னனான். அதின்ரை கழுத்திலையும் கொடி ரிபன் கட்டியிருந்தது, சொல்லாமல் விட்டால் மரியாதையில்லை.

இந்தா, மேளம் கேக்குது. வாறாங்கள். அந்தச் சின்னப் பெடியளைப் பாருங்கோ, மேளம் வயித்திலை, மரத்துவக்குத் தோளிலை, முகத்திலை ஒரு சிரிப்பில்லை. பெரிய படையெண்டு நினைப்பு. பின்னாலை முதலாம் வகுப்பு. ஐயோ, அந்தப் பிள்ளையின்ரை கொடி விழுந்திட்டுது, கொஞ்சம் எடுத்துக் குடுங்கோ பிள்ளை, உங்கடை கை எட்டும். நன்றி சொல்லுது பாருங்கோ, மூக்காலை சளி, வாயாலை நன்றி.

முதல் வருசம் இதைக் கண்டவுடனை எனக்கு அழுகை வந்தது. நான் யாழ்ப்பாணம், பிள்ளை. எங்கடை ஊரிலை அணிவகுப்பு எண்டால் சப்பாத்துச் சத்தம். அது கேட்டால் கதவைச் சாத்திப்போட்டு அறைக்குள்ளை போய் இருக்கிறது. இஞ்சை ஒரு நாட்டின்ரை பெரிய நாளிலை தெருவாலை வாறது ஆர்? இந்தச் சளி மூக்குகள். துவக்கெண்டால் அந்தப் பெடியளின்ரை மரத்துவக்கு மட்டும்தான். மிச்சமெல்லாம் ஐஸ்கிறீம். அண்டைக்கு இதிலைதான் நிண்டு விக்கி விக்கி அழுதனான், ஆரோ ஒரு வெள்ளைக்காரன் எனக்கு ஒரு சொசேஜ் வாங்கித் தந்தவன். இப்பவும் ஒவ்வொரு வருசமும் அழுகை வரும். இந்த முறை வராது. இந்த முறை நான் நல்ல சந்தோசமா இருக்கிறன்.

இவை போனாப் பிறகு, கடைசியிலை, சிவப்பாக்கள் வருவினம். அவையைப் பாத்திட்டுத்தான் போகவேணும் நீங்கள். றுஸ் எண்டு சொல்லுறது. பள்ளிக்கூடம் முடிக்கிற வருசத்துப் பெடி பெட்டையள். பதின்மூண்டு வருசம் படிச்சு முடிச்சாச்செண்டு மே மாசம் பிறக்க முன்னமே ஆட்டம் தொடங்கிவிடும். எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சிவப்புக் காற்சட்டை, ஒரு தொப்பி. அந்தத் தொப்பியிலை ஒரு நூல் தொங்கும். ஒவ்வொரு குரங்குச் சேட்டைக்கும் அந்த நூலிலை ஒரு முடிச்சு. மரத்திலை ஏறி இராத்தங்கினால் ஒரு முடிச்சு. பாணை, நீங்கள் பிரெட் எண்டு சொல்லுறதை, காலிலை சப்பாத்தாக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் ஒரு முடிச்சு. கடைக்குள்ளை நாலு காலிலை தவண்டு நாய் மாதிரிக் குரைச்சால் ஒரு முடிச்சு. சிரிக்காதேங்கோ, சத்தியமாத்தான். இதெல்லாம் முடிய அடுத்த கிழமை சோதினை. சோதினைக்கு முன்னம் ஆட்டம் போடுற தேசம் இது ஒண்டுதான். எங்கடை ஊரிலை சோதினைக்கு முன்னம் கோயிலுக்குப் போவம்.

என்ரை மகளும் இந்த வருசம் றுஸ். ஆரபி. ஒரேயொரு பிள்ளை. கெட்டிக்காரி, தேப்பனைப் போலப் பிடிவாதக்காரி. நான் ஒண்டுக்கும் தடை சொல்லேல்லை, கேட்டுப் பாருங்கோ. பாணைக் காலிலை கட்டப் போறன் எண்டவள். சாப்பாட்டை மிதிக்கிறதோ எண்டு ஒரு நாள் முழுக்கச் சண்டை பிடிச்சனான். பிறகு, புதுப் பாணைக் கட்டாதை, இந்தா பழசு எண்டு நான்தான் எடுத்துக் குடுத்தனான். கயிறும் நான்தான் கட்டிவிட்டனான், அவளுக்கு இறுக்கிக் கட்டத் தெரியாது.

குரைக்கிறதுக்கு எங்கை போனவள் எண்டு நினைக்கிறியள்? ஊரிலை எத்தினை கடை இருக்கு. நேரை நகுலேஸ் அண்ணையின்ரை தமிழ்க்கடைக்குப் போயிருக்கிறாள். அண்ணை எனக்குப் போன் எடுக்கிறார், "தங்கச்சி, உம்மடை மகள் அரிசி மூட்டைக்குப் பக்கத்திலை முழங்காலிலை நிண்டு குரைக்கிறாள், வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" எண்டு. எனக்கு வெக்கக்கேடாப் போச்சு. ஆனால் விட்டுக் குடுக்கலாமோ? "ஆரையும் கடிச்சவளோ அண்ணை?" எண்டு கேட்டன். "இல்லை" எண்டார். "அப்ப விடுங்கோ, அது இஞ்சத்தைப் படிப்பிலை ஒரு பாடம்" எண்டன். வீட்டை வந்தாப் பிறகு அவளுக்கு நல்ல ஏச்சுக் குடுத்தது வேறை கதை. ஏசி முடிய, எப்பிடிக் குரைச்சனி எண்டு கேட்டன். குரைச்சுக் காட்டினாள். நானும் அவளும் குசினி நிலத்திலை இருந்து சிரிச்ச சிரிப்பிலை பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்துண்டு போச்சு.

எப்பிடி ஒற்றுமையா இருந்தனாங்கள் எண்டதுக்குச் சொல்லுறன். பிறகுதான் அந்தக் கண்டறியாத காற்சட்டை வந்தது.

பாருங்கோ, நாலாம் வகுப்பு வருது. அந்த ஆசிரியைக்குச் சப்பாத்துக் கடிக்குது, நொண்டி நொண்டி நடக்கிறா, பாவம். வாழ்த்துகள் சொல்லுங்கோ.

என்ன சொன்னனான்? காற்சட்டை. அந்தக் காற்சட்டையைப் போடத் தொடங்கினால் மே பதினேழு முடியும் மட்டும் தோய்க்கக் கூடாதாம். தோய்க்கிறது எண்டால், நீங்கள் துவைக்கிறது எண்டு சொல்லுவியள் என்ன, அதுதான். நானும் கேள்விப்பட்டனான்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் தோய்க்கப் பஞ்சிப்பட்ட ஆரோ ஒரு சோம்பேறி போட்ட சட்டம் எண்டுதான் நினைச்சன். உலகத்திலை ஆராவது ஊத்தையைக் காப்பாத்தி வைப்பினமோ?

நான் வேலை செய்யிறது ஒரு ஹோட்டலிலை, நிலக்கீழ் அறையிலை, உடுப்புத் தோய்க்கிற பகுதியிலை. வைன் கறை, இரத்தக் கறை, உதட்டுச் சாயம், சொக்லேட், என்னட்டை வந்து தப்பிப் போன கறை கிடையாது. கலியாண வீடு முடிஞ்ச மேசை விரிப்பைத் தருவினம், அடுத்த நாள் பள்ளிக்கூடப் பிள்ளையின்ரை வெள்ளைச் சட்டை மாதிரித் திருப்பிக் குடுப்பன். புதுசா வாற பிள்ளையளுக்குப் பழக்கிறதும் நான்தான். அப்பிடிப்பட்டவளின்ரை வீட்டிலை ஒரு காற்சட்டை குளியலறையிலை ஆள் இல்லாமல் தன்ரை பாட்டிலை எழும்பி நிக்குது. உண்மையாத்தான், அவ்வளவு ஊத்தை, மடங்கி விழவும் ஏலாமல் நிண்டது. அவள் அண்டைக்கு எங்கையோ ஆடிப்போட்டு வந்து கழட்டி எறிஞ்சிட்டுப் படுத்திட்டாள்.

நான் பாத்தன். நீங்களெண்டால் என்ன செய்வியள்? கெட்ட எண்ணத்திலை செய்யேல்லை, பிள்ளை. அவள் நித்திரையாலை எழும்பேக்கை சந்தோசப்படட்டும் எண்டுதான்.

முதலிலை ஊறப்போட்டன். தண்ணி கறுப்பா வந்தது, ஊத்திப்போட்டுத் திருப்பி ஊறப்போட்டன். மூண்டாந்தரம்தான் சிவப்பு நிறமே தெரிஞ்சது. பிறகு பாத்தால் காற்சட்டை முழுக்கக் கீறல், கிறுக்கல், பேர், படம், இதயம், என்னென்னவோ. கூட்டாளியள் எல்லாரும் பேனையாலை எழுதி வைச்சிருக்கினம். எனக்கு அது ஊத்தையைவிடப் பெரிய ஊத்தை. மை போகாதெண்டு ஆக்கள் நினைக்கிறது. ஸ்பிரிட்டும் பஞ்சும் இருந்தால் போகும், பொறுமை வேணும். நான் ஒவ்வொரு பேரா வாசிச்சு வாசிச்சுத் துடைச்சன். ஹொக்கூன். ஒண்டு போச்சு. யூலியா. அதுவும் போச்சு. ஒரு எழுத்து மிச்சம் விடேல்லை. அவளின்ரை உயிர்ச் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள், தேயா எண்டு, பாலர் வகுப்பிலை இருந்து ஒண்டாப் படிக்கிறவள். அவள் முழங்காலுக்கு மேலை நெருக்கி நெருக்கி நிறைய வரி எழுதியிருந்தவள். அது நீளம் எண்டபடியால் நான் வாசிக்கேல்லை. ரெண்டு தரம் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சன்.

பிறகு காய வைச்சு மினுக்கினன். அயன் பண்ணிறதைத்தான் சொல்லுறன். முன்னுக்குக் கத்தி மாதிரி ஒரு கோடு விழுத்தி, கொழுவியிலை மாட்டி, அவளின்ரை அறைக் கதவிலை தொங்கவிட்டன். வேலைக்குப் போற அமைச்சரும் போடலாம், அப்பிடி ஒரு காற்சட்டை. எனக்கே பெருமையா இருந்தது, போனிலை படமும் எடுத்தனான். இந்தா பாருங்கோ. எப்பிடி? சொல்லுங்கோ, வடிவில்லையோ?

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிஞ்ச கதைதான். அவள் எழும்பி வந்து பாத்தாள். சத்தம் போடுவாள் எண்டு பாத்தன், போடேல்லை. அவள் சத்தம் போட்டால் எனக்குப் பதில் தெரியும். காற்சட்டையைக் கொழுவியிலை இருந்து எடுத்தாள், கதவடியிலை நிலத்திலை இருந்தாள், மடியிலை போட்டு ஒவ்வொரு இடமாத் தடவிப் பாத்தாள். "தேயா எழுதினது எங்கை அம்மா?" எண்டு கேட்டாள். நான் சொன்னன், "பிறகென்ன, திருப்பி எழுதச் சொல்லு, மைக்கு என்ன பஞ்சமோ?" எண்டு. ஒரு பையிலை உடுப்பை அடைச்சுக்கொண்டு தேயா வீட்டை போயிட்டாள். காற்சட்டையை அப்பிடியே நிலத்திலை விட்டிட்டுப் போயிட்டாள்.

அண்டையிலை இருந்து என்னோடை கதையில்லை. என்ரை மனுசன் தயாபரன் பஸ் ஓட்டுறவர், அவர்தான் ரெண்டு பக்கத்துக்கும் தூது. இண்டைக்கும் அவருக்கு வேலை, இல்லையெண்டால் அவரைத்தான் இதிலை நிப்பாட்டியிருப்பன். அவரைத்தான் முதலிலை அனுப்பிக் கேட்டனான், அவளுக்கு என்ன வேணுமாம், புதுக் காற்சட்டை வாங்கித் தரட்டோ எண்டு. அவர் போட்டு வந்து சொல்லுறார், "அவள் நடக்க மாட்டாளாம், பத்மா. எல்லாரும் ஊத்தையா நிக்கேக்கை ஒருத்தி மட்டும் துப்பரவா நிண்டால், இவள் ஒண்டிலையும் சேராமல் வீட்டிலை இருந்தவள் எண்டுதானே நினைப்பினமாம். நான் எல்லாத்திலையும் இருந்தனான், இப்ப அதுக்கு ஒரு அடையாளமும் இல்லை எண்டு அழுகிறாள்" எண்டு.

விளங்கினதோ பிள்ளை? எனக்கு உடனை விளங்கேல்லை. பன்ரண்டு வருசமா இந்த முடக்கிலை நிண்டு அவளைப் பாத்தனான். முதலாம் வகுப்பிலை கொடியாலை முன்னுக்குப் போன பெடியனின்ரை கண்ணைக் குத்தினவள். அஞ்சாம் வகுப்பிலை மழையிலை நனைஞ்சு கோழிக்குஞ்சு மாதிரிப் போனவள். கடைசித் தரம் இது. இதுக்குப் பிறகு ஊர்வலம் இல்லை. அதையும் நான்தான் நடக்காமல் பண்ணிப்போட்டன் எண்டு மனுசன் வாயாலை சொல்லேல்லை, ஆனால் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைச்சிட்டுப் போயிட்டார்.

இல்லை, நான் செய்தது பிழையெண்டு சொல்லேல்லை. தோய்க்கிறது பிழையெண்டால் பிறகு நான் எதுக்கு இந்த நாட்டிலை இருக்கிறன். ஆனால் ஒரு சாமானைக் குழப்பினால் திருத்திக் குடுக்கவேணும், அது வேலைக்காரரின்ரை ஒழுங்கு.

இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. திருச்சியிலை வேணுமெண்டால் சொல்லுங்கோ, பேர்கனிலை சொல்லாதேங்கோ. புதுக் காற்சட்டை கடையளிலை முடிஞ்சு போச்சு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தக் காற்சட்டையைக் குசினி மேசையிலை விரிச்சுப்போட்டு இருந்தன். எது எந்தக் கறை, எது எப்பிடிப் போகும் எண்டு எனக்குத் தெரியுமெண்டால், எது போகாது எண்டும் எனக்குத்தானே தெரியும். முழங்காலுக்குச் சைக்கிள் சங்கிலி எண்ணெய். பின்பக்கத்துக்குப் பூச்சாடி மண், அதிலை கொஞ்சம் கோப்பி, ஊறி நல்லாப் பிடிக்க. தொடையிலை மஞ்சள் தூள். மஞ்சளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கடவுள் வந்தாலும் போகாது. கத்தி மாதிரி விழுத்தின கோடு போகவேணுமெண்டு அதைச் சுருட்டி வைச்சு அதுக்கு மேலை இருந்து நாடகம் பாத்தன். மனுசன் கதவைத் திறந்து பாத்தார், என்னைப் பாத்தார், காற்சட்டையைப் பாத்தார், கதவைச் சாத்திட்டுப் போயிட்டார். விசர் பிடிச்சிட்டுதெண்டு நினைச்சிருப்பார்.

எனக்கெண்டால், பிள்ளை, வாழ்க்கையிலை முதல் தரமா ஊத்தையாக்கினன், அதிலை வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. கை தன்ரை பாட்டிலை போகுது. கெச்சப்பும் கொஞ்சம் போட்டன். அது தேவையே இல்லை, ஆசைக்குப் போட்டன்.

பிறகு பேருகள். ஒவ்வொண்டா வாசிச்சுத்தானே துடைச்சனான், எல்லாம் மனதிலை கிடந்தது, எவடத்திலை ஆர் எண்டும் கிடந்தது. ஹோட்டல் துவாயிலை அடையாளம் போடுற பேனை எங்களிட்டை இருக்கு, கொதிதண்ணியிலை அவிச்சாலும் அழியாது. அதை எடுத்துக்கொண்டு எழுதினன். தமிழிலைதான் எழுதினன். அவங்கடை எழுத்திலை எழுதினால் அந்தப் பிள்ளையள் எழுதின மாதிரிக் கள்ளக் கையெழுத்துப் போட்டதாப் போயிடும், எனக்கு அது விருப்பமில்லை. ஹொக்கூன். யூலியா. மத்தியாஸ். எல்லாரையும் எழுதினன். இதயம் போட்ட இடத்திலை இதயம் போட்டன். மீசை போட்ட ஒரு பூனை இருந்தது, அது சரியா வரேல்லை, கணக்கு வாத்தியார் மாதிரி வந்திட்டுது. தேயா எழுதின இடத்தை மட்டும் வெறுமையா விட்டன். அதிலை என்ன இருந்ததெண்டு எனக்குத் தெரியாதே. அந்த இடத்தைப் பாக்கத்தான் எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. ஒரு வரியையாவது வாசிச்சுப்போட்டுத் துடைச்சிருக்கலாம்.

மடிச்சு, இல்லை, மடிக்கேல்லை, கசக்கிப் பையிலை போட்டு மனுசனிட்டைக் குடுத்து விட்டன். ஒண்டும் சொல்லி விடேல்லை. அவளிட்டை இருந்தும் ஒரு சொல்லும் வரேல்லை. நேற்று மனுசனைக் கேட்டன், நடப்பாளோ எண்டு. "தெரியாது" எண்டார். "காற்சட்டையைப் பாத்தவளோ?" எண்டன். "பாத்தவள்" எண்டார். "என்ன சொன்னவள்?" எண்டன். "அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினவள்" எண்டார். அந்தக் கதவுக்குப் பின்னாலை அழுதவளோ சிரிச்சவளோ எண்டு கேட்டு வரத் தெரியாத மனுசன். பஸ் மட்டும் நேரத்துக்கு ஓட்டுவார்.

அதுதான் வந்தனான். சும்மா இந்தப் பக்கத்தாலை வந்தனான் எண்டு சொன்னன் என்ன, அது சும்மா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

அங்கை பாருங்கோ. அங்காலை, பாலத்தடியிலை. சிவப்பாத் தெரியுதோ? எனக்குத் தூறலிலை கண்ணாடி நனைஞ்சு போச்சு. சிவப்புத்தானே? வந்திட்டாங்கள். விசில் அடிக்கிறாங்கள். என்னைக் கொஞ்சம் மறைச்சு நில்லுங்கோ பிள்ளை. இல்லை, மறைக்காதேங்கோ, எனக்குத் தெரியாது. கொஞ்சமா மறையுங்கோ. என்னைக் கண்டால் அவள் மற்றப் பக்கம் திரும்பினாலும் திரும்புவாள். நடந்தால் காணும், என்னைப் பாக்கத் தேவையில்லை. நடந்தாள் எண்டு தெரிஞ்சால் நான் நேரை வீட்டை போயிடுவன்.

இது வேறை பள்ளிக்கூடம். இதுவும் வேறை. எவ்வளவு ஊத்தை பாருங்கோ, அந்தப் பெடியனின்ரை பின்பக்கத்தை, தார் றோட்டிலை இழுத்த மாதிரி. இப்ப பாக்க வடிவாத்தான் இருக்கு என்ன? இந்தா, இந்தப் பதாகைதான், இவளின்ரை பள்ளிக்கூடம். அது ஹொக்கூன், நெட்டையன். அது யூலியா. தேயாவைக் காணேல்லை. இவளையும் காணேல்லை. அந்தக் கடைசி வரிசையிலை கறுத்தத் தலை ஒண்டு தெரியுதோ? இல்லை, அது வேறை ஆரோ. கடைசி வரிசையும் போகுது பிள்ளை. முடிஞ்சுது போல.

பொறுங்கோ. பின்னாலை ரெண்டு பேர் ஓடி வருகினம். சப்பாத்துக் கயித்தைக் கட்டிக் கட்டி ஓடி வாறது ஆர்? சொன்னனெல்லே, அவளுக்கு இறுக்கிக் கட்டத் தெரியாது. ஆரபி. என்ரை ஆரபி. சிவப்பு, பாருங்கோ, மஞ்சள் எவ்வளவு வடிவாப் பிடிச்சிருக்கு. போட்டிருக்கிறாள். போட்டுக்கொண்டு வந்திட்டாள். இல்லை பிள்ளை, நான் அழேல்லை, இது மழை. சரி, மழை விட்டிட்டுது, எனக்குத் தெரியும்.

பக்கத்திலை வாறதுதான் தேயா. அவளின்ரை காலைப் பாருங்கோ. வாசியுங்கோ, நீங்களும் தமிழ் வாசிப்பியள்தானே. தேயா எண்டு எழுதியிருக்கு. என்ரை எழுத்தில்லை, ஆரபி எழுதிக் காட்ட ஆரோ பாத்து எழுதியிருக்கினம் போல, வயித்துக்குத்து வந்தவன் எழுதின மாதிரி எழுத்தெல்லாம் சரிஞ்சு கிடக்கு. அந்த நெட்டையன்ரை முதுகிலையும் இருக்குது, இப்பத்தான் பாக்கிறன், ஹொக்கூன். இதென்ன, அரைவாசி வகுப்பு நகுலேஸ் அண்ணையின்ரை கடை விலாசப் பலகை மாதிரி வருது.

கண்டிட்டாள். என்னைக் கண்டிட்டாள். மற்றப் பக்கம் திரும்பேல்லை. இஞ்சை வாறாள் பிள்ளை, கயித்தடிக்கு வாறாள், நான் என்ன சொல்லுறது? நான் ஒண்டும் யோசிச்சு வைக்கேல்லை. யோசிச்சு வைச்சனான், எல்லாம் மறந்து போச்சு.

ஓ, வந்தனியோ. நான் சும்மா இந்தப் பக்கத்தாலை வந்தனான். ஓம், சீலையோடை. கடைக்கு. இது திருச்சிப் பிள்ளை, எனக்குத் தெரிஞ்ச ஆள்.

என்ன காட்டுறாய்? முழங்காலோ? தேயா திருப்பி எழுதினவளோ? எங்கை, வாசிக்க விடு, இந்த முறை முழுக்க வாசிக்கிறன். பிள்ளை, கேளுங்கோ, என்ன எழுதி வைச்சிருக்கிறாள் எண்டு. "இந்தக் காற்சட்டையை ஆரபியின்ரை அம்மாவுக்குக் கிட்டக் கொண்டு போகக் கூடாது." தேயா சிரிக்கிறாள் பாருங்கோ, நிண்டு கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு. நான் தூக்கி வளத்த பிள்ளை மாதிரி இவளும். சிரிக்கட்டும். நல்லாச் சிரிக்கட்டும்.

என்ன? திருப்பிச் சொல்லு ஆரபி, மேளச் சத்தத்திலை கேக்கேல்லை.

கேட்டியளோ பிள்ளை, என்ன கேக்கிறாள் எண்டு? எல்லாற்றை பேரும் எழுதியிருக்கிறியளாம். உங்கடை பேர் எங்கையெண்டு கேக்கிறாள்.

நான் ஏன் என்ரை பேரை எழுதிறது? நான் துடைச்சவளெல்லோ. என்னட்டைப் பேனையைத் தாறாய், நல்லா யோசிச்சுத்தான் தாறியோ? அம்மா எண்டு எழுதவோ? பேரே எழுதவேணுமோ? என்ரை முழுப்பேரைக் கேளுங்கோ பிள்ளை, பத்மலோசினி. அதை ஒருத்தரும் கூப்பிட்டு இருபத்தைஞ்சு வருசம். வேலையிலை பத் எண்டுதான் சொல்லுறவை, மிச்சத்தை அவையின்ரை வாய் தாங்காது. அதை எழுதி முடிக்கிறதுக்குள்ளை ஊர்வலம் ஒஸ்லோவுக்குப் போயிடும். இவ்வளவு இடம் காணுமோ? சரி, காலை ஆட்டாதை. இந்தப் பேனை ஒரு தோய்ப்புக்கும் நிக்காது. பரவாயில்லை, ஆர் தோய்க்கப் போகினம்.

அவங்கள் போறாங்களே, உன்னை விட்டிட்டுப் போறாங்கள். நில்லெண்டு சொல்லு. ஓடவேணுமோ? அப்ப நட, நட, நான் குனிஞ்சு கொண்டு வாறன். பிள்ளை, அந்தக் கயித்தைக் கொஞ்சம் தூக்குங்கோ, சீலை தடக்குது. இன்னும் தூக்குங்கோ. ஒருத்தரும் ஏசமாட்டினம், ஏசினால் வாழ்த்துகள் எண்டு சொல்லுங்கோ. நான் போட்டு வாறன் பிள்ளை, என்ரை பேர் அரைவாசிதான் எழுதியிருக்கு.